மலைக்கு மூக்கு வைத்தவர்கள்

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் கில்ஸ்பி என்று ஒரு கிராமம். அதை ஒட்டிய வெளியில் திடீரென்று ஒரு கோட்டைக் கொத்தளம் நிற்கிறது. வட்டமான செங்கல் மதில், உச்சியில் அம்பு விட வசதியாகப் பல்பல்லாக வெட்டிய கைப்பிடிச் சுவர். ஏகத் தோரணை! எந்த ராஜா கட்டியது, எந்தப் போரில் என்று விசாரிக்கத் தோன்றும். விசாரித்தால் சப்பென்று போய்விடும். அது ஒரு புகைபோக்கி.

கீழே ரயில் சுரங்கம் ஓடுகிறது. அதற்குக் காற்று வருவதற்காக மேலிருந்து தோண்டிய வென்டிலேஷன் ஷாஃப்ட் இது. காற்றுக் கிணறு என்றே வைத்துக்கொள்வோம். ஆழம் 132 அடி. அதை விடுங்கள், அகலத்தைக் கேளுங்கள்: 60 அடி! நம் ஊரில் அந்த அகலத்துக்கு ரோடு போட்டால் ‘அறுபதடி ரோடு’ என்று அதையே பெயராக வைத்துப் பெருமைப்படுவோம். லண்டன்–பர்மிங்காம் ரயில்வேயின் இன்ஜினீயர் ராபர்ட் ஸ்டீஃபன்சன் அதே அகலத்தைச் செங்குத்தாகப் பூமிக்குள் இறக்கினார். ஒன்று போதாதென்று இன்னொன்றும் தோண்டினார்.

சுரங்கத்தில் ஓடிய ரயில் பெட்டியோ, இன்றைய ஷேர் ஆட்டோவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதற்கு எதற்கு ஐயா இவ்வளவு பெரிய மூக்கு? ரயிலுக்காக இல்லை. அதில் ஏற வேண்டிய ஜனங்களின் பயத்துக்காக. அந்தப் பயத்தின் அகலம்தான் 60 அடி.

1830-களில் ரயிலே ஒரு அதிசயம். நெருப்பும் புகையும் கக்கிக்கொண்டு ஓடும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்காருவதே வீரம். அதோடு ஒரு மைலுக்கு மேல் நீளமுள்ள இருட்டுக் குழாய்க்குள் நுழைய வேண்டும் என்றால்? ‘மூச்சு எப்படி விடுவது?’ என்று ஜனங்கள் கேட்டார்கள். ரொம்ப நியாயமான கேள்வி. வில்லங்கமெல்லாம் பதில் சொல்லக் கிளம்பிய மேதைகளால் வந்தது.

முதல் மேதை சர் ஆன்டனி கார்லைல். லண்டனின் பெரிய சர்ஜன். சும்மா ஆள் இல்லை. 1800-ம் ஆண்டில் வில்லியம் நிக்கல்சனோடு சேர்ந்து, மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரித்துக் காட்டியவர். ஆக்சிஜன் விஷயத்தில் இவர் பேச்சுக்கு அப்பீல் ஏது? சுரங்கத்தில் போனால் திடகாத்திரமான ஆளுக்கும் சளி, நீர்க்கோவை, காசநோய் வரும் என்று அவர் சொல்லிவிட்டார். ரயில் கம்பெனிக்காரர்களுக்குத்தான் முதலில் ஜுரம் வந்தது.

டாக்டர் வைத்த சூனியத்தை டாக்டரை வைத்தே எடுக்க வேண்டும் அல்லவா? 1837 பிப்ரவரி 20-ம் தேதி, லண்டனில் பிரிம்ரோஸ் ஹில் குன்றுக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கத்துக்குள் மருத்துவர்களும் ஒரு வேதியியல் நிபுணருமாக ஒரு குழு வண்டியில் போய்த் திரும்பியது. அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கையைப் படித்தால் சுரங்கத்துக்கே குடிபோய்விடலாம் போலிருக்கும். உள்ளே ஈரம் இல்லை, நாற்றம் இல்லை, இதமான வெப்பம், பேசினால் காது கேட்கிறது, ராத்திரி நேரத்தில் குறுகலான தெருவில் கோச்சு வண்டியில் போவது மாதிரி இருக்கிறது, மற்ற பயமெல்லாம் வெறும் பிரமை! கம்பெனி அந்த அறிக்கையைப் பிரசாதம் மாதிரி விநியோகித்தது.

அந்தக் குன்றைச் சுற்றியிருந்த நிலம் ஈட்டன் கல்லூரிக்குச் சொந்தம். கல்லூரிக்காரர்களுக்குக் காற்று, மூச்சு பற்றியெல்லாம் கவலை இல்லை. பின்னாளில் அங்கே பங்களாக்கள் வரும், அப்போது சுரங்க வாசல் அசிங்கமாகத் தெரிந்தால் மனை விலை போகாதே என்பதுதான் கவலை. ஆகவே சுரங்கத்துக்குச் சிற்ப வேலைப்பாட்டோடு மாளிகை முகப்பு வைக்க வேண்டியதாயிற்று. ரியல் எஸ்டேட் அன்றும் அப்படித்தான்.

அடுத்து வருகிறார் நம் கதாநாயகர். கட்டியம் கூறுங்கள்: டாக்டர் டயோனீசியஸ் லார்ட்னர்! லண்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர், 100-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக அறிவுக் களஞ்சியம் போட்டவர், மேடை ஏறினால் அரங்கம் நிறையும். இன்றைக்கு இருந்திருந்தால் பல லட்சம் சப்ஸ்கிரைபர்களோடு ‘சுரங்கத்துக்குள் போனால் என்ன ஆகும்? அதிர்ச்சி தகவல்!’ என்று தம்ப்நெயிலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பார்.

லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதை போட இன்ஜினீயர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல் அனுமதி கேட்டார். வயது முப்பதைத் தொடவில்லை. தலையில் நீளமான தொப்பி, வாயில் சுருட்டு, மனசில் ‘என்னை விட்டால் யார்?’ என்ற எண்ணம். பாக்ஸ் என்ற ஊரில், குன்றுக்கடியில் ஏறக்குறைய 2 மைல் சுரங்கம், அதுவும் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் என்று திட்டம். பார்லிமென்ட் கமிட்டி முன் லார்ட்னர் கணக்குப் போட்டுக் காட்டினார்: ‘பிரேக் பிடிக்காவிட்டால் அந்தச் சரிவில் ரயில் மணிக்கு 120 மைல் வேகத்தில் வெளியே வரும்!’ அந்த வேகத்தில் மனிதனுக்கு மூச்சே நின்றுவிடும் என்றும் பேச்சு. அதாவது ரயில் பிரிஸ்டல் போய்விடும், பயணிகள் சொர்க்கம் போய்விடுவார்கள்.

புரூனெல் அந்தக் கணக்கை வாங்கிப் பார்த்தார். ‘எல்லாம் சரி. உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் மட்டும் ஐயா சேர்க்க மறந்துவிட்டார்’ என்றார். அதையும் சேர்த்தால் வேகம் 56 மைல்! சுரங்கத்தில் காற்றே இருக்காது என்று எல்லோரும் அலறிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே காற்று என்று ஒன்று உண்டு என்பதையே மறந்தவர் பேராசிரியர்தான்.

கதை இதோடு முடியவில்லை. 1838-ல் அதே கம்பெனியின் பாதையைச் சோதிக்க அதே லார்ட்னரைக் கூட்டி வந்தார்கள். ‘நார்த் ஸ்டார்’ என்ற இன்ஜின் வேகம் கூடக்கூட இழுவை குறைந்து திணறியது. லார்ட்னர் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்தார்: காற்றின் எதிர்ப்பு! மூன்று வருஷத்துக்கு முன் காணாமல்போன அதே காற்று. புரூனெலும் கம்பெனியின் இன்ஜின் பொறுப்பாளர் டேனியல் கூச்சும் இன்ஜினின் புகைக்குழாய்க்குள் நீராவியைப் பீய்ச்சும் ஒரு சின்னக் குழாயைத் திருத்தி வைத்தார்கள். இன்ஜின் ஜம்மென்று இழுத்தது. காற்றை நிரபராதி என்று விடுதலை செய்துவிட்டார்கள்.

அப்புறம் லார்ட்னர் என்ன ஆனார்? 1840-ல் ஒரு ராணுவ கேப்டனின் மனைவியோடு பாரிசுக்கு ஓடிப்போனார். கேப்டன் துரத்திக்கொண்டு போய்ப் பேராசிரியரை வெளுத்து வாங்கினார். கோர்ட்டும் 8,000 பவுண்ட் நஷ்டஈடு கட்டச் சொன்னது. எதிர்ப்பைக் கணக்கில் சேர்க்க மறப்பது அந்த மனிதருக்குப் பழக்கமாகவே இருந்திருக்கிறது.

லார்ட்னர் ஒழிந்தார் என்று புரூனெல் நிமிர்ந்தால், எதிரே ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் வில்லியம் பக்லாண்ட் நிற்கிறார். நிலவியலில் சூரப்புலி. பாக்ஸ் சுரங்கத்தின் ஒரு பகுதியில் செங்கல் பூச்சே இல்லை. வெட்டிய பாறையை அப்படியே விட்டிருந்தார்கள். ரயில் ஓடும் அதிர்வில் அது என்றைக்காவது தலையில் விழும் என்றார் பக்லாண்ட். பாறையைப் பற்றி இவர் சொன்னால் நம்ப வேண்டியதுதான். ஆனால் இவருக்கு வேறொரு பொழுதுபோக்கும் உண்டு. விலங்கினம் ஒன்று விடாமல் தின்று பார்ப்பது! எலி, முதலை எல்லாம் ஆயிற்று. அகழெலியும் நீலநிற ஈயும்தான் வாய்க்கு விளங்கவில்லையாம். பிரெஞ்சு ராஜா ஒருவரின் பதப்படுத்திய இதயத்தையே எடுத்து விழுங்கினார் என்றுகூட ஒரு கதை சுற்றியது. அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, பாறை கெட்டியாகத்தான் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். பக்லாண்ட் பழையபடி சாப்பாட்டுக்குப் போனார்.

பாக்ஸ் சுரங்கம் 1841 ஜூனில் திறந்தது. அதன் பிறகும் சில பயணிகள் சுரங்கத்துக்கு முன்பே இறங்கி, கோச்சு வண்டி பிடித்து, குன்றைச் சுற்றிக்கொண்டு பாத் நகரம் போய்ச் சேர்ந்தார்களாம். அறிவியல் அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. கோச்சு வண்டிக்காரருக்கு மட்டும் அறிவியல்மேல் ரொம்ப மரியாதை.

இப்போது ஒரு ரகசியம். இந்தக் காற்றுக் கிணறுகளில் பெரும்பாலானவை காற்றுக்காகத் தோண்டியவையே அல்ல! சுரங்கத்தை இரண்டு முனையிலிருந்து மட்டும் குடைந்தால் வேலை ஆமை வேகத்தில்தான் நடக்கும். அதனால் மலையின்மேல் வரிசையாகக் கிணறு வெட்டி, ஆளை அடிக்கு இறக்கி, அங்கிருந்து இரண்டு பக்கமும் குடையச் சொல்வார்கள். ஒரு கிணறு வெட்டினால் குடைவதற்கு இரண்டு முகம் கிடைக்கும். மண்ணும் கல்லும் அதே வழியாகத்தான் மேலே வரும். குதிரை சுற்றிச் சுற்றி வந்து கயிற்றை இழுக்கும், ஆளும் அதே கயிற்றில்தான் ஏறி இறங்குவார். வேலை முடிந்ததும் சில கிணறுகளை மூடிவிட்டு, மீதியைப் புகை போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். சாரத்தைப் பிரிக்க மறந்துவிட்டு அதையே அலங்காரம் என்று சொல்லும் மேஸ்திரித்தனம்தான்.

பூமிக்கடியில் திசை தெரிய வேண்டுமே? அதற்கும் கிணறுதான். மேலே பாதையின் கோட்டைக் குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டில் இரண்டு தூக்குக் குண்டுகளைக் கிணற்றுக்குள் தொங்கவிடுவார்கள். கீழே அந்த இரண்டு நூலையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பக்கம் குடைய வேண்டும் என்று தெரியும். நூல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில அடிதான், அதை வைத்து நூற்றுக்கணக்கான கஜம் போக வேண்டும். நூல் ஒரு மயிரிழை ஆடினாலும் சுரங்கம் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

போகவும் பார்த்தது. லிவர்பூல் நகரத்துக்கு அடியில் வாப்பிங் சுரங்கம் குடைந்தபோது, சார்ல்ஸ் விக்னோல்ஸ் சர்வே செய்து கொடுத்த கோட்டில் கிணறுகள் ஒன்றோடொன்று நேராக இல்லை. இளம் இன்ஜினீயர் ஜோசப் லாக் அளந்து பார்த்து, ‘இப்படியே போனால் இரண்டு கோஷ்டியும் சந்திக்கவே மாட்டார்கள்’ என்று போட்டு உடைத்தார். 1827-ல் விக்னோல்ஸ் ராஜினாமா. பாக்ஸில் நடந்தது நேர்மாறு. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் சந்தித்தபோது வித்தியாசம் ஒன்றேகால் அங்குலம்தான். புரூனெல் பூரித்துப்போய், விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்தார் என்று சொல்வார்கள். ராஜா கதைகளில் முத்துமாலை, இங்கே மோதிரம். கில்ஸ்பி கொத்தளத்தில் பார்த்த தோரணை எல்லோருக்கும் இருந்தது.

கில்ஸ்பிக்குத் திரும்புவோம். தோண்டுமுன் ராபர்ட் ஸ்டீஃபன்சன் ஆங்காங்கே துளை போட்டு மண்ணைச் சோதித்தார். எல்லாம் நல்ல களிமண். ஆனால் சோதனைத் துளைகளுக்கு நடுவே, களிமண்ணுக்கடியில் தண்ணீரும் மணலுமாகக் கொழகொழவென்று ஒரு புதைமணல் படுகை 400 கஜத்துக்குப் பரந்து கிடந்தது. துளைகள் எல்லாம் அதைத் தொடாமல் இரண்டு பக்கமும் நாசூக்காக இறங்கியிருந்தன. விதி விளையாடும்போது சர்வேயரைக் கலந்துகொள்வதில்லை.

புதைமணல் உடைந்து தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்ததும், கான்ட்ராக்டர் படுத்த படுக்கையானார். கம்பெனி அவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தும் பிழைக்கவில்லை. 13 நீராவி இன்ஜின்கள் நிமிடத்துக்கு 1,800 கேலன் வீதம் மாதக்கணக்கில் தண்ணீரை இறைத்துத் தள்ளின. ஒருநாள் உள்ளே வெள்ளம் ஏறி, ஒரு தெப்பத்தில் செங்கலோடு மாட்டிக்கொண்ட தொழிலாளிகளை, உதவி இன்ஜினீயர் ஒருவர் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு நீந்தி, பக்கத்துக் கிணற்றுக்கு இழுத்து வந்து சேர்த்தார். அந்தக் கிணறு வழியாக அவர்களை மேலே தூக்கினார்கள். கில்ஸ்பியின் கிணறுகள் ஒரு ரயிலின் புகையையும் பார்ப்பதற்கு முன்பே சம்பாதித்த புண்ணியம் அது.

அதே கிணறுகள் பாவமும் சம்பாதித்தன. தொழிலாளிகள் சிலர் ஓய்வு நேரத்தில், ‘நான் செய்வதை நீயும் செய்’ என்று ஒரு விளையாட்டு ஆடினார்கள். கிணற்று வாயை ஒரே தாவில் தாண்ட வேண்டும். முதல் ஆள் தாவினார், விழுந்தார். அதைப் பார்த்த இரண்டாவது ஆள்? தாவினார். மூன்றாவது ஆளும்! வீரத்தைச் செல்ஃபி கேமராதான் கெடுத்தது என்று இனிமேல் யாராவது சொன்னால் கில்ஸ்பியை ஞாபகப்படுத்துங்கள். மொத்தம் 26 பேர் அந்தச் சுரங்கத்துக்குப் பலியானார்கள்.

அந்த 60 அடிக் கிணறுகளைக் கட்டிய விதம்தான் அழகு. உலகத்தில் எல்லோரும் சுவரைக் கீழிருந்து மேலே கட்டுவார்கள். இங்கே மேலிருந்து கீழே கட்டினார்கள்! முழுக் கிணற்றையும் முதலிலேயே தோண்டினால் பக்கவாட்டு மண் சரிந்து மூடிவிடும். ஆகவே கட்டி முடித்த சுவருக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு மட்டும் மண்ணை எடுத்து, அந்த இடத்தில் ரோமன் சிமென்ட் வைத்து மூன்றடி கனத்துக்குச் செங்கல் அடுக்கி, மேல்சுவரைத் தாங்கச் செய்து, அடுத்த துண்டுக்குப் போவார்கள். இப்படியே வட்டமாகச் சுற்றிச் சுற்றி 132 அடி. பெரிய கிணறு ஒன்றுக்கே பத்து லட்சம் செங்கலுக்கு மேல் பிடித்தது. சுரங்கம் முழுவதற்கும் 3 கோடியே 60 லட்சம் என்று கணக்குப் போட்ட ஒரு மகானுபாவர், இதை வைத்து லண்டனிலிருந்து அபர்டீன் வரை ஒரு கஜ அகலத்தில் நடைபாதை போடலாம் என்று எழுதி வைத்தார். யாரும் போடவில்லை. 99,000 பவுண்டில் முடிவதாக இருந்த சுரங்கம் மூன்று லட்சத்தைத் தொட்டபின் நடைபாதைக்கு எங்கே போவது?

தாமதம் வேறு. 1838 ஏப்ரலில் பாதையின் இரண்டு முனைகளும் தயார், நடுவில் கில்ஸ்பி மட்டும் வாயைத் திறக்கவில்லை. லண்டனில் ரயில் ஏறியவர்களை டென்பி ஹால் என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள். பேரைக் கேட்டு மாளிகை என்று நினைக்காதீர்கள், அது வழியோரச் சாராயக் கடை. அங்கிருந்து கோச்சு வண்டியில் ரக்பி வரை போய் மறுபடி ரயில். விக்டோரியா மகாராணியின் முடிசூட்டு விழா ஜூன் 28-ம் தேதி. ஊரே லண்டனுக்குக் கிளம்புகிறது. ரயில் யுகம் பிறந்துவிட்டது என்று அறிவித்த கம்பெனி, ஜனங்களைக் குதிரை வண்டியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. முழுப் பாதையும் திறக்கச் செப்டம்பர் ஆகிவிட்டது.

சரி, இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய மூக்கு மூச்சு விட்டதா? விட்டது, ஆனால் இன்ஜினீயர் சொன்னபடி கேட்கவில்லை. சூடான புகை லேசானது, மேலே எழும், கிணறு வழியாக வெளியேறும். புத்தகத்தில் இது சரி. சுரங்கத்துக்குள் ரயில் வந்ததும் அது சிரிஞ்சுக்குள் ஓடும் தண்டு மாதிரி ஆகி, முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டும் பின்னால் இருக்கும் காற்றை இழுத்துக்கொண்டும் போகிறது. கிணறு ரயிலின் இஷ்டத்துக்கு ஒருமுறை ஊதும், ஒருமுறை உறிஞ்சும். வெளியே காற்றும் குளிரும் எப்படியோ அப்படி அதன் மனசும் மாறும். மழைத்தண்ணீர் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் கீழே வந்தது. குளிர்காலத்தில் கிணற்றுச் சுவரில் ஈட்டி ஈட்டியாகப் பனிக்கட்டி தொங்கும், அதைத் தட்டி விழவைக்கத் தனியாக ஆள் போட வேண்டும். கில்ஸ்பி அளவுக்கு அகலமாகக் கிணறு வெட்ட அதன்பின் யாரும் துடிக்கவில்லை. ஜனங்களுக்குப் பயம் தெளிந்ததும் ஓட்டையும் சுருங்கிவிட்டது.

வுட்ஹெட் சுரங்கக் கதையைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே, மலை முதுகில், 3 மைல் நீளம். கிணறுகள் 600 அடியை நெருங்கும் ஆழம். முதல் இன்ஜினீயர் யார் தெரியுமா? வாப்பிங்கில் கோடு கோணிய அதே விக்னோல்ஸ்! கம்பெனியின் பங்குகளைக் கடனில் வாங்கிக் குவித்து, கடனாளியாகி வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்தவர் அதே ஜோசப் லாக்! ராபர்ட்டின் அப்பா, கிழவர் ஜார்ஜ் ஸ்டீஃபன்சன், ‘அந்தச் சுரங்கத்தைத் தாண்டி வரும் முதல் இன்ஜினைத் தின்று காட்டுகிறேன்’ என்று சவால் விட்டாராம். 1845 டிசம்பரில் இன்ஜின் தாண்டி வந்தது. அவர் சாப்பிட்டதாகத் தகவல் இல்லை. அந்த வேலைக்குப் பக்லாண்டை அனுப்பியிருக்கலாம்.

இதுவரை சிரித்தோம். அந்த மலைக்குள் 32 பேர் செத்தார்கள், 140 பேர் படுகாயமடைந்தார்கள். வேலை செய்த ஆள்களின் எண்ணிக்கையோடு பார்த்தால், வாட்டர்லூ போரில் செத்த சிப்பாய்களின் விகிதத்தைவிட இது அதிகம் என்று சமூகச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் கணக்குப் போட்டுக் காட்டினார். வெடி வைக்கப் பாதுகாப்பான திரி ஏற்கெனவே கடையில் கிடைத்தது. அதை ஏன் வாங்கவில்லை என்று 1846-ல் பார்லிமென்ட் கமிட்டி கேட்டபோது, உதவி இன்ஜினீயர் சொன்ன பதில்: அந்தத் திரியால் நேரம் வீணாகும், அது காப்பாற்றக்கூடிய உயிர்களுக்காக அந்த நேரத்தை இழக்கச் சொல்ல மாட்டேன். அந்த உதவி இன்ஜினீயரின் பெயர் வெலிங்டன் பர்டன். வாட்டர்லூவில் ஜெயித்த பிரபுவின் பெயர்!

மலையைவிட்டு லண்டனுக்கு வந்தால், 1863-ல் மெட்ரோபாலிடன் ரயில்வே, தெருவுக்கு அடியிலேயே நீராவி ரயில் விட்டது. உலகின் முதல் நிலத்தடி ரயில். புகை வரக் கூடாதே? இன்ஜினீயர் ஜான் ஃபௌலர் அபாரமாக யோசித்தார். நெருப்பை வெளியில் மூட்டி, உள்ளே இருக்கும் செங்கல்களைப் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே சுரங்கத்தில் ஓட்டினால்? நெருப்பில்லை, ஆகவே புகையில்லை! 1861-ல் ஓட்டிப் பார்த்தார்கள். புகை வரவில்லைதான். ஆனால் ஆவியின் அழுத்தமும் இறங்கிப்போய், சோதனை தோற்றது. அதற்கு ‘ஃபௌலரின் பேய்’ என்று பெயர் வைத்து மூலையில் போட்டுவிட்டு, சாதாரணக் கரி இன்ஜினையே கொஞ்சம் மாற்றிக் கொண்டுவந்தார்கள்.

புகை சூழ்ந்தது. ஸ்டேஷன் கூரைக் கண்ணாடிகளைக் கழற்றினார்கள். நடுரோட்டில் ஓட்டை போட்டார்கள். அதிலிருந்து ஆவி குப்பென்று கிளம்பும்போது குதிரைகள் மிரண்டன. ஒரு மருந்துக் கடைக்காரர் மூச்சுத்திணறி வருபவர்களுக்கென்றே ‘மெட்ரோபாலிடன் மிக்சர்’ என்று ஒரு மருந்து விற்றார். 1897-ல் அரசு விசாரணைக் குழு வந்தது. ரயில்வே தலைவர் கர்னல் ஜான் பெல் முகத்தில் சலனமே இல்லாமல் சாட்சி சொன்னார்: கிரேட் போர்ட்லண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனை ஆஸ்துமாக்காரர்கள் ஆரோக்கிய நிலையமாகவே உபயோகித்தார்களாம்! தமக்கு வந்த தொண்டைப் புண்ணும் அந்த ஆசிட் புகையில் குணமாயிற்றாம். பிரிம்ரோஸ் ஹில் டாக்டர்களாவது புகை இல்லை என்றுதான் சொன்னார்கள். கர்னல் அதை மருந்தாகவே ஆக்கிவிட்டார்.

இதே ரயில்வே, பேஸ்வாட்டர் பகுதியில் லீன்ஸ்டர் கார்டன்ஸ் என்ற பணக்காரத் தெருவுக்கு அடியில் பாதையை நீட்டியது. இன்ஜின் புகையைக் கக்க ஒரு இடம் திறந்திருக்க வேண்டும். அதற்காக இரண்டு வீடுகளை இடித்தார்கள். தெருவின் அழகு கெடுமே? 23, 24 எண் வீடுகளின் முகப்பை மட்டும் அப்படியே கட்டிவைத்தார்கள். தூண் உண்டு, பால்கனி உண்டு, கதவு உண்டு. ஜன்னலில் மட்டும் கண்ணாடிக்குப் பதில் சாம்பல் பெயின்ட். உள்ளே வீடே இல்லை, பின்னால் வெறும் பள்ளம்! 1930-களில் ஒரு எத்தன், அந்த முகவரியில் பெரிய இடத்து நடன விருந்து என்று டிக்கெட் விற்றுவிட்டான். கோட்டும் கவுனுமாக வந்து இறங்கிய கனவான்கள் கதவைத் தட்டினார்கள், தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

சுரங்கத்துக்குக் காற்று விடுவதில் லிவர்பூல்காரர்கள் கில்லாடிகள். லைம் ஸ்ட்ரீட் சுரங்கத்துக்கு முதலில் 29 அடி விட்டமுள்ள ராட்சத விசிறி வைத்துப் பார்த்தார்கள். போதவில்லை. 1880-களில் சுரங்கத்தின் கூரையையே பெரும்பாலும் பிய்த்து எடுத்துத் திறந்த பள்ளமாக்கிவிட்டார்கள். காற்றோட்டப் பிரச்சினை பூரணமாகத் தீர்ந்தது.

கடைசியாக ஜார்ஜ் ஸ்டீஃபன்சனின் தலை. இன்ஜின் தின்பதாகச் சொன்னவர் அதோடு நிற்கவில்லை. மான்செஸ்டர்–லீட்ஸ் பாதையில் 1841-ல் திறந்த சம்மிட் சுரங்கம் கட்டும்போது விரிசல் என்று வதந்தி கிளம்பியது. ‘மனித உயிருக்கு ஆபத்து வரும்படி இந்தச் சுரங்கம் ஒருநாளும் இடியாது. என் பெயரையும் தலையையும் பணயம் வைக்கிறேன்’ என்றார்.

1984 டிசம்பர் 20. பெட்ரோல் ஏற்றிய 13 டாங்கர்களோடு ஒரு சரக்கு ரயில் சம்மிட்டுக்குள் தடம் புரண்டு தீப்பிடித்தது. ஓடித் தப்பிய ரயில் ஊழியர்கள், தீயணைப்புப் படை வந்தபின் துணிந்து திரும்பப் போய், இன்ஜினையும் மூன்று டாங்கரையும் கழற்றி வெளியே கொண்டுவந்தார்கள். மீதி பத்து உள்ளே எரிந்தது. சுரங்கம் வெடித்துச் சிதறியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய காற்றுக் கிணறுகளில் இரண்டு வழியாகத் தீ மலைக்கு மேலே நூறடிக்கும் அதிகமாகப் பீறிட்டு எழுந்து, உள்ளே இருந்த வெப்பத்தை எல்லாம் வெளியேற்றிவிட்டது. பெட்ரோல் டாங்கர் என்ற ஒன்றை ஸ்டீஃபன்சன் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார். ஒருவரும் சாகவில்லை. செங்கல் உருகிக் கண்ணாடியாக வழிந்ததே தவிர, சுரங்கம் இடியவில்லை. கிழவரின் தலை தப்பியது செங்கல் புண்ணியம்.

தண்டவாளத்தில் அரை மைலையும் மின்கம்பிகளையும் மாற்றினார்கள், ஊர்க்காரர்களை ஒருநாள் உள்ளே நடந்து பார்க்கவிட்டார்கள். 1985 ஆகஸ்டில் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது.